வாட்டுக்குள் போனவர் எத்தனை பேர்?

கொழும்பு சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் ‘ஆர்கேட்’ என்று ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. புதுப்பித்து 2014இல் திறந்தார்கள். கோப்பிக் கடை, உடுப்புக் கடை, ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நீண்ட விறாந்தைகளை 1880களில் கட்டியது மனநோயாளர்களை அடைத்து வைப்பதற்காக. ஜாவத்தை விசராஸ்பத்திரி என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். நோயாளர் போன பிறகு அங்கே கணக்காய்வாளர் திணைக்களம் இருந்தது, அப்புறம் கடைக்காரர் வந்தார்கள். இந்தக் கட்டடத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பார்த்தால் நம்முடைய மனநல மருத்துவத்தின் கதை பாதி விளங்கிவிடும்.

நான் டொக்டர் இல்லை. வேலைக்காலம் முழுக்க ஒரு அரச திணைக்களத்தின் புள்ளிவிபரப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவன். மற்றவர்கள் எழுதிய பதிவேடுகளைக் கூட்டிக் கழித்து மேலே அனுப்புவதுதான் தொழில். அந்தப் பழக்கத்தால் ஒரு எண்ணைக் கண்டால் அதை யார் எழுதினார், எதற்காக எழுதினார், எந்த வாசலில் நின்று எழுதினார் என்று கேட்காமல் இருக்க முடியாது. பேப்பரில் அடிக்கடி ஒரு தலைப்பு வரும்: ‘மனநோயாளர் தொகை சடுதியாக அதிகரிப்பு’. உள்ளே வாசித்தால் ஆஸ்பத்திரி வாட்டுகளில் அனுமதிக்கப்பட்டவர்களின் தொகைதான் இருக்கும். அதை ஆதாரமாக வைத்து, நாடு பைத்தியமாகிக்கொண்டு போகிறது, கைத்தொலைபேசிதான் காரணம், பிள்ளைகளை வளர்க்கத் தெரியவில்லை என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு ஆஸ்பத்திரியில் நூறு கட்டில். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பத்து வருடம் இருக்கிறார் என்றால் வருடத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் இடம் கிடைக்கும். அதே நூறு கட்டிலில் ஒருவர் மூன்று கிழமை மட்டும் இருக்கிறார் என்றால் வருடத்துக்கு 1,700 பேருக்கு மேல் உள்ளே போய் வெளியே வரலாம். கட்டில் கூடவில்லை, நோயும் கூடவில்லை, ஆனால் அனுமதித் தொகை நூற்றெழுபது மடங்கு. இதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா? சிரிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இலங்கையில் இந்தக் கதை ஹெந்தளையில் தொடங்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில் குஷ்டரோகிகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி அது. வெள்ளைக்காரர் 1839இல் சட்டம் போட்டபோது மனநோயாளரைக் கொண்டுபோய் வைத்தது அங்கேதான். ஊருக்குள் இருக்கக் கூடாதவர்கள் என்பதைத் தவிர இரண்டு கூட்டத்துக்கும் வேறு ஒற்றுமை இல்லை. 1840களின் பிற்பகுதியில் பொரளையில் தனி இடம் கட்டினார்கள். அது நிரம்பி வழிந்தது. ஜாவத்தையில் பெரிதாகக் கட்டினார்கள், அதுவும் நிரம்பியது. 1920களில் நகரத்துக்கு வெளியே அங்கொடைக்குப் போனார்கள். அங்கொடையும் நிரம்பி, பிறகு முல்லேரியாவிலும் கட்ட வேண்டி வந்தது.

ஒவ்வொரு முறையும் மேலிடத்தில் சொன்ன காரணம் நோயாளர் கூடிவிட்டார்கள் என்பதுதான். உண்மையில் நடந்தது வேறு. உள்ளே போக வாசல் இருந்தது, வெளியே வர வாசல் இல்லை. 1873ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட வழி பொலிஸ், நீதவான், ஆஸ்பத்திரி என்பது. தெருவில் திரிந்தவர், வீட்டில் அடங்காதவர், வலிப்பு வருபவர் எல்லோரையும் அந்த வழி ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நீதிமன்றம் அனுப்பிய ஆள் சுகமாகிவிட்டார் என்று எழுதி வெளியே விடுவதற்கு ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பொறுப்பெடுக்காமல் இருப்பது எப்போதும் சுகம். அதனால் அந்தக் காலத்துப் பதிவேட்டில் அனுமதி குறைவு, ஆட்கள் அதிகம்.

1930களின் கடைசியில் லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியின் எட்வர்ட் மாப்போதரை அரசாங்கம் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டது. நெரிசலைக் கண்டு அவர் கடுமையாக எழுதினார். இன்னும் பெரிய கட்டடம் கட்டுவது மருந்தாகாது, பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே இந்த நோய்க்கு இடம் கொடுங்கள் என்பது அவர் வாதம். 1939இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் தொடங்கியது. ஒருவர் பஸ்ஸில் வந்து, டொக்டரைக் கண்டு, மருந்து வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போகலாம். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு அங்கொடையின் மதிலில் விழுந்த முதல் ஓட்டை அதுதான் என்று நினைக்கிறேன்.

உலகம் முழுக்க இந்தக் கோடு ஒரே மாதிரித்தான் வளைந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளுக்குள் போன ஆண்களில் கணிசமானவர்களுக்கு இருந்தது சிபிலிஸ் மூளைக்கு ஏறியதால் வந்த புத்திக் கோளாறு. 1940களில் பெனிசிலின் வந்தது, அந்தக் கூட்டமே பதிவேட்டிலிருந்து மறைந்துபோனது. மனநல டொக்டர்கள் செய்த வேலை இல்லை அது. ஒரு நுண்ணுயிர்க்கொல்லி செய்த வேலை. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தை முதன்முதலாக மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் மனநல ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களின் தொகை 1954இல் உச்சத்துக்குப் போனது, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். அமெரிக்காவில் 1955இல் அரச மனநல ஆஸ்பத்திரிகளில் மட்டும் ஐந்தரை இலட்சத்துக்கு மேல். அதன் பிறகு இரண்டு நாட்டிலும் இறக்கம்தான். இத்தாலி 1978இல் சட்டமே போட்டது, பழைய விடுதிகளுக்குப் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று.

உள்ளே இருந்தவர் தொகை இறங்கியபோது வாசலைக் கடந்தவர் தொகை ஏறியது. குறுகிய காலம் இருந்து, வீட்டுக்குப் போய், மருந்தை விட்டு, மறுபடி வருகிறார்கள். ஒரே மனிதர் வருடத்தில் மூன்று தடவை வந்தால் பதிவேட்டில் மூன்று அனுமதி. பேப்பர்க்காரருக்கு அது மூன்று பைத்தியம்.

எங்கள் வீட்டிலேயே பழைய முறைக்கு ஒரு ஆள் இருந்தார், அப்பாவின் அண்ணர். அரச கந்தோரில் கிளாக்கர், நன்றாகப் பாடுவார் என்று சொல்வார்கள். கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் கந்தோர் கோப்புகளை எல்லாம் ஜன்னலால் எறிந்துவிட்டார். பொலிஸ் பிடித்து, கோர்ட்டுக்குப் போய், கொழும்புப் பக்கத்தில் ஒரு அரச மனநல ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். அங்கேயே இருந்தார், அங்கேயே செத்தார். இடையில் ஒரு டொக்டர், இவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், மருந்தைக் கொடுத்தால் போதும் என்று கடிதம் போட்டிருக்கிறார். அப்பம்மா போகவிடவில்லை. வீட்டில் கலியாணம் கட்டாத இரண்டு பெண் பிள்ளைகள். விசரன் இருக்கிற வீடு என்றால் யார் பெண் எடுப்பார்கள்? பெரியப்பா வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லித்தான் என் மாமிமாரின் கலியாணம் நடந்தது. ஆஸ்பத்திரிப் புள்ளிவிபரத்தில் அவர் ஒரே ஒரு அனுமதி. அந்தக் கணக்கைப் பார்க்கிறவருக்கு அவர் ஒரு பிரச்சினையே இல்லை.

அனுமதி குறைந்த காலமெல்லாம் நல்ல காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவு வருவது அவர்தான்.

இன்னொரு விஷயம், தமிழ் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொழும்பு ஆஸ்பத்திரிகளின் கணக்கில் ஒரு காலத்தில் வடக்குக் கிழக்கு ஆட்களும் சேர்ந்திருந்தார்கள். கடும் வருத்தம் என்றால் யாழ்தேவி ரயிலில் ஏற்றி, இரண்டு பேர் பக்கத்தில் இருந்து, அங்கொடைக்குக் கொண்டு வருவார்கள். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-9 பாதை மூடியது, 2002இல்தான் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. கப்பலில் இடம் கிடைத்து, பாதுகாப்பு அனுமதி எடுத்து, மனம் கலங்கிய ஒருவரை சோதனைச் சாவடிகள் தாண்டிக் கூட்டிவருவது யாரால் முடியும்? அந்த வருடங்களில் கொழும்புக்கு வந்த யாழ்ப்பாண நோயாளர் குறைந்தால் அதற்குக் காரணம் பாதை. குண்டு விழுந்த ஊரில் மனநோய் குறையும் என்று எந்த முட்டாளும் சொல்ல மாட்டான். தயா சோமசுந்தரம் போன்ற ஒருசில மனநல மருத்துவர்கள் யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்தில் நின்று வேலை செய்ததால்தான் அந்த ஆட்களில் ஒரு பகுதியாவது வேறொரு பதிவேட்டில் ஏறினார்கள்.

சுனாமிக்குப் பிறகு பெரிய மாற்றம் வந்தது. 2004 டிசம்பர் 26க்கு முன் மனநலம் என்றால் அரசாங்கத்துக்கு அங்கொடைதான். அலை அடித்த பிறகு வெளிநாட்டு உதவி வந்தது, ஆட்கள் வந்தார்கள், 2005இல் தேசிய மனநலக் கொள்கையும் வந்தது. மாவட்டங்களில் வாட்டுகள் திறக்க வேண்டும், மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற மருத்துவ உத்தியோகத்தர்களைப் போட வேண்டும், ஒரே பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் குவிக்கக் கூடாது என்பது அதன் சாரம். மாப்போதர் சொன்னதேதான், அறுபத்துச் சொச்சம் வருடம் பிந்தி. அங்கொடையும் 2008இல் தேசிய மனநல நிறுவனம் என்று பெயர் மாறியது. பிரசவத்துக்குப் பிறகு மனம் கலங்கிய தாயைக் குழந்தையோடு சேர்த்து வைத்துப் பார்க்கிற வாட்டுகூட அங்கே இப்போது இருக்கிறது. பெயர் மாறினாலும் வெள்ளவத்தையில் பிள்ளை பிடிவாதம் பிடித்தால், ‘உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்’ என்ற பேச்சு மாறவில்லை. கொரோனா வந்த 2020இல் மட்டும் கொஞ்ச நாள் அங்கொடை என்றால் எல்லோருக்கும் தொற்றுநோய் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. அதுவும் அங்கேதான் இருக்கிறது.

மாவட்டத்தில் வாட்டு திறந்தால் என்ன நடக்கும்? இவ்வளவு நாளும் கோயிலில் நூல் கட்டி, பரியாரியிடம் எண்ணெய் வாங்கி, அறைக்குள் பூட்டி வைத்திருந்தவர்களைக் கொண்டு வருவார்கள். அங்கொடை என்றால் பயந்தவர்கள் பக்கத்து ஆஸ்பத்திரியின் ஒரு வாட்டுக்கு அவ்வளவு பயப்படவில்லை. நாட்டின் மொத்த அனுமதி ஏறத்தான் வேண்டும். ஏறாவிட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு கணக்கு உண்டு. தற்கொலை விகிதத்தில் இலங்கை 1995இல் உலகத்திலேயே மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றாக நின்றது, ஒரு இலட்சம் பேருக்கு 47. மிகவும் நச்சுத்தன்மையான பீடைகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை 1998இல் நீக்கினார்கள். இறப்பு விகிதம் பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. ஆனால் நஞ்சு குடித்து, மாத்திரை விழுங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அப்படி இறங்கவில்லை, கூடியது. முன்பு வழியிலேயே செத்தவர்கள் இப்போது உயிரோடு வாட்டில் படுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தால், அவர்கள் படுத்திருப்பது பொது மருத்துவ வாட்டில், மனநலப் பதிவேட்டில் அவர்களில் பலர் வருவதே இல்லை.

எல்லா ஏற்றமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1988க்கும் 2008க்கும் இடையில் மனநலக் கட்டில்கள் அறுபது வீதத்துக்கு மேல் குறைந்தன, கட்டாயமாகப் பிடித்து அனுமதிப்பது அதே காலத்தில் அறுபது வீதத்துக்கு மேல் கூடியது. இடம் குறையக் குறைய, விருப்பத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்பி, முற்றிய பிறகு பொலிஸோடு வருபவரை மட்டும் எடுக்கிற நிலை வந்துவிடும். பென்ரோஸ் என்ற மருத்துவர் 1939இலேயே 18 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு எழுதினார்: மனநல ஆஸ்பத்திரியில் ஆள் குறைந்த நாட்டில் சிறையில் ஆள் கூடியிருக்கிறது என்று. எங்கள் ஊரில் இப்போது ‘ஐஸ்’ என்ற போதைப்பொருள் பாவிக்கும் பொடியன்களைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். ஐஸ் அடித்து, நித்திரை இல்லாமல், யாரோ துரத்துகிறார்கள் என்று ஓடுகிறவன் ஒரு நாள் மனநல வாட்டில் இருப்பான், இன்னொரு நாள் வெலிக்கடைச் சிறையில், இன்னொரு நாள் கந்தக்காடு புனர்வாழ்வு முகாமில். எந்த வாசலில் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து அவன் நோயாளி, கைதி, அல்லது புனர்வாழ்வு பெறுபவன். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் கொடுத்த மாத்திரை இல்லை, வெளியே பார்மசியில் வாங்கக் காசு இல்லை. அப்படி மருந்து விட்டு மறுபடி உள்ளே வந்தவர்களும் ‘அதிகரிப்பு’தான். அந்த அதிகரிப்புக்குச் சிரிக்க முடியாது.

எங்கள் மாடிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு அக்கா இருக்கிறார். மகன் பிரைவேட் கம்பனியில் வேலை. ஒரு வருடம் அவன் கதைப்பது குறைந்தது, சாப்பாடு குறைந்தது, பிறகு இரவில் தனியாகக் கதைக்கத் தொடங்கினான். மாவிளக்கு, அர்ச்சனை, ஜாதகம் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் ஒரு அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் கூடப் போனது சிங்களத்துக்காக. ஆனால் வாட்டுக்குள் ஆண் நோயாளியோடு ஒருவர்தான் நிற்கலாம் என்று என்னை வெளியே விட்டுவிட்டார்கள். அக்காவின் சிங்களம் மீன்கடை மட்டும் தான். டொக்டர் கேட்ட கேள்விகளைப் பக்கத்துக் கட்டிலுக்காரனின் தம்பி மொழிபெயர்த்தான். இவள் பத்து நிமிடம் அழுதழுது சொன்னதை அவன் இரண்டு வசனத்தில் முடித்தான். வயது 24, இரவில் நித்திரை இல்லை, தனியாகக் கதைக்கிறான் என்றதும் ஐஸ் கேஸ் என்று எழுதினார்கள். நெஞ்சுவலிக்கு ஈசிஜி இருக்கிறது, சீனி வருத்தத்துக்கு இரத்தம் இருக்கிறது. இந்த நோய்க்குப் பேச்சுத்தான் பரிசோதனை. அந்தப் பேச்சையே மூன்றாம் ஆளிடம் கொடுத்தால் என்ன வரும்?

இரண்டாம் நாள் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு இளம் டொக்டர் டியூட்டிக்கு வந்தார். கட்டிலில் பக்கத்தில் இருந்து, ‘என்ன தம்பி, யார் கதைக்கிறாங்க, ஆம்பிளையா பொம்பிளையா?’ என்று ஆறுதலாகக் கேட்டார். அவன் அன்றைக்குத்தான் வாய் திறந்தான். சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஐஸ் இல்லை. டிக்கட்டில், அதாவது கட்டிலோடு இருக்கிற நோயாளர் குறிப்பில், எழுதியதை வெட்டி மாற்றினார்கள். வெட்டி மாற்றாமல் போன தமிழ் டிக்கட்டுகள் எத்தனை இருக்கும் என்று எனக்குள் இருக்கிற கிளாக்கர் கேட்டுக்கொண்டேயிருந்தான். எந்த நோய் கூடுகிறது, எது குறைகிறது என்று நாம் போடுகிற அட்டவணையின் அடியில் இருப்பது இப்படி எழுதிய ஒரு வரி.

சில கிழமைகளில் துண்டு வெட்டி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பாரம் தொடங்கியது. நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் 1979இல், இலங்கையில் முதன்முறை அனுமதிக்கப்பட்ட சிசோபிரினியா (மனச்சிதைவு) நோயாளரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து எழுதினார். பணக்கார நாடுகளை விட இங்கே தேறுவது நல்லாக இருக்கிறது என்று கண்டார், ஆளைத் தள்ளி வைக்காமல் வைத்திருக்கிற குடும்பத்துக்கு அதில் பங்கு உண்டு என்பது அவர் விளக்கம். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நான் கொஞ்சம் யோசிப்பேன். அந்தக் குடும்பத்தில் பாட்டி இருந்தாள், சித்தி இருந்தாள், வளவு இருந்தது. வெள்ளவத்தையில் இரண்டு அறை பிளாட்டில் ஒரு தாயும் மகனும். ஒரு பிள்ளை கனடாவில், ஒரு பிள்ளை லண்டனில். வைபரில் அம்மாவுக்கு அறிவுரை மட்டும் வரும். ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று டொக்டர் டிக்கட்டில் எழுதும்போது குடும்பம் என்பது பெரும்பாலும் முழங்கால் வருத்தத்தோடு இருக்கிற ஒரு அம்மா. மருந்தை நாக்குக்குக் கீழே ஒளிக்கிறானா என்று பார்ப்பதும் அவள், பக்கத்து வீட்டாருக்குப் பொய் சொல்வதும் அவள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி வாட்டுக்குப் போனான். இந்த முறை பொலிஸ் இல்லை, இரண்டு பேர் பிடித்து ஓட்டோவில் ஏற்றவில்லை. ‘அம்மா, மறுபடி கேட்கத் தொடங்குது, போவம்’ என்று அவனே சொல்லியிருக்கிறான். நேரத்தோடு போனதால் கெதியாகத் திரும்பினான். பதிவேட்டில் இது மீள் அனுமதி, அதாவது தோல்விக் கட்டத்தில் விழுகிற எண். என்னைக் கேட்டால் என் பெரியப்பாவுக்குக் கிடைக்காதது எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் லீவுப் பிரச்சினை. ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்டில் மனநலப் பிரிவு என்று தெளிவாக அச்சடித்திருந்தது. கம்பனியில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். கனடாக்காரன் கொடு என்றான், லண்டன்காரி கொடுக்காதே என்றாள். கடைசியில் கார்டு அலுமாரிக்குள் போனது. தெரிந்த ஒரு டொக்டரிடம் வேறு வருத்தம் என்று மெடிக்கல் சான்றிதழ் எடுத்தார்கள். ஆகவே அந்த மாதம் அவன் வேலை செய்கிற கம்பனியின் கணக்கில் டெங்குக் காய்ச்சல் ஒன்று கூடியிருக்கிறது.